மலையில் ஓடும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: முதலில் பெட்ரோலைக் கவனியுங்கள், பிறகு இன்ஜினை மாற்றுங்கள்

குன்னூரில் பழைய கார்களைச் சீர்செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். எம்ஜிபி, ட்ரையம்ஃப் போன்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களை ஆசையோடு வாங்கி மலைக்குக் கொண்டுவருபவர்களில் பலர் கேட்பது ஒன்றுதான்: "கோவையில் நன்றாக ஓடியது, இங்கே இழுக்கவில்லை. பெரிய இன்ஜின் போட்டுவிடலாமா?" உண்மையில் அந்த இன்ஜினில் குறையே இல்லாமல் இருக்கலாம்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டரில். அங்கே காற்றின் அடர்த்தி குறைவதால் டர்போ இல்லாத எந்த இன்ஜினும் தன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். எம்ஜிபியின் 1,798 சிசி இன்ஜின் புதிதில் தந்தது ஏறத்தாழ 95 குதிரைத்திறன். ஊட்டியில் அது 75 தந்தால் நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள். காற்றோடு பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரோ, காற்று குறையும் அளவுக்குப் பெட்ரோலைக் குறைப்பதில்லை. கலவையில் பெட்ரோல் பத்து சதவீதம் வரை கூடிவிடுகிறது. பிளக்கில் கரி படிகிறது, புகைக்குழாயில் பெட்ரோல் நெடி அடிக்கிறது.

இதற்கு, இந்த வண்டிகளில் வரும் எஸ்யூ கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை, அதன் நட்டைத் திருகிச் சற்று மேலே ஏற்றிப் பெட்ரோலைக் குறைப்பது பழைய பழக்கம். இன்றைய பெட்ரோலுக்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். கலப்பில்லாத ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும்; இதற்குச் சுமார் 13.5 கிலோ போதும். அதாவது, அதே காற்றுக்கு இந்தப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். ஆகவே, பழைய ஜெட் வழியே வரும் எத்தனால் பெட்ரோல் சமவெளியில் போதாமல் போகிறது. ஊட்டியிலோ உயரத்தால் கலவையில் கூடும் பெட்ரோலை எத்தனால் பெருமளவு ஈடுகட்டிவிடுகிறது. இது புரியாமல் மலையில் ஜெட்டை ஏற்றிவைத்துவிட்டு, அதே வண்டியைக் கோவைச் சாலையில் வேகமாக ஓட்டினால் இன்ஜின் சூடேறும், தட்டும், வெளியேற்று வால்வு கருகும். பிளக் காபித்தூள் நிறத்தில் இருக்கிறதா என்று மலையிலும் பாருங்கள், கீழே இறங்கிய பிறகும் பாருங்கள். வண்டி எங்கே அதிகம் ஓடுகிறதோ அந்த இடத்துக்கு ஏற்ற ஊசியை (ஜெட்டுக்குள் இறங்கிப் பெட்ரோலை அளக்கும் ஊசி) தேர்ந்தெடுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது பெட்ரோல் டியூப்தான். எத்தனால் பழைய ரப்பரை ஊதவைத்து, பிறகு விரிசல் விடச் செய்கிறது. கார்புரேட்டர் புகைக்குழாய்க்கு மேலேயே அமர்ந்திருக்கும் இந்த வண்டிகளில், ஒரு சொட்டுக் கசிவு வண்டியையே எரித்துவிடும். வெளியே புதிதாகத் தெரியும் டியூப் உள்ளே உரிந்திருப்பதை எத்தனையோ முறை வெட்டிக் காட்டியிருக்கிறேன். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்ற தரக்குறி அச்சிட்ட டியூபை மட்டும் கேட்டு வாங்குங்கள். கார்புரேட்டரின் மிதவை ஊசிக்கு, எத்தனாலைத் தாங்கும் விட்டான் (Viton) ரப்பர் முனை வேண்டும். கார்க் வாஷர்களை மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தையும் உறிஞ்சும். நீலகிரியின் மழையிலும் மூடுபனியிலும் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கில் அடியில் நீர் பிரிந்து துரு பிடிக்கிறது. நிறுத்திவைப்பதாக இருந்தால் டேங்கை நிரப்பி வையுங்கள்.

கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா? வாரந்தோறும் மலை இறங்கி ஏறுபவர் என்றால், பெட்ரோலை மின்னணு முறையில் அளந்து பீய்ச்சும், ஆக்சிஜன் சென்சாருடன் கூடிய இன்ஜெக்‌ஷனுக்குச் செலவழிப்பது தகும். உயரமும் எரிபொருளும் மாறினால் கலவையைத் தானே திருத்திக்கொள்ளும். ஆனால், அதற்கு டேங்குக்குத் திரும்பும் குழாய், தனி பம்ப், இன்ஜின் நின்றால் பம்பை நிறுத்தும் ரிலே எல்லாம் வேண்டும். கொண்டை ஊசி வளைவில் டேங்கில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கினால் பம்ப் காற்றை இழுக்கும். கார்புரேட்டரின் கிண்ணம் அந்தச் சில நொடிகளைச் சமாளித்துவிடும்; இன்ஜெக்‌ஷன் தடுமாறும். எனவே இடையில் ஒரு சிறு சேமிப்புக் கலம் வையுங்கள். இன்ஜெக்‌ஷன் பம்பின் அழுத்தம் பொதுவாக 40 பிஎஸ்ஐக்கு மேல். எஸ்யூ தாங்குவது ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ. ஒன்றை எடுத்து மற்றொன்றில் மாட்டுவது நெருப்பை அழைப்பது. வண்டி ஊட்டி, கோத்தகிரி சுற்றுவட்டாரத்திலேயே இருக்குமானால், சரியாகப் பராமரித்த எஸ்யூ ஜோடியை நான் கழற்றவே மாட்டேன்.

இதெல்லாம் முடிந்த பிறகும் இன்ஜினைத் தொட விரும்பினால், அதே இன்ஜினை மேம்படுத்துவதையே முதலில் சொல்வேன். 88.9 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட எம்ஜிபியின் இந்த பி-சீரிஸ் இன்ஜின் குறைந்த சுற்றிலேயே நன்றாக இழுக்கும். நம் அம்பாசிடரில் ஓடிய 1,489 சிசி இன்ஜினும் இதே குடும்பம் என்பதால், இதன் சூட்சுமம் அறிந்த கைகள் கோவை லேத் பட்டறைகளில் உண்டு. ஹெட்டைக் கழற்றும்போது வால்வு வந்து அமரும் இடத்தில் கடினப்படுத்திய வால்வு சீட் போட்டுவிடுங்கள். 2000இல் பெட்ரோலில் ஈயம் நின்றபின் பழைய இரும்பு சீட்டுகளுக்குப் பாதுகாப்பு இல்லை. பர்லியாரிலிருந்து குன்னூர் வரை இடைவிடாத ஏற்றம் அவற்றைச் சீக்கிரம் தேய்த்துவிடும். நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேல் மட்டும் உயிர்பெறும் பந்தய கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) வேண்டாம். வளைவில் இரண்டாம் கியரில் 2,000 சுற்றில் இழுப்பதுதான் இங்கே பயன்படும். கம்ப்ரஷனையும் ஊட்டியின் காற்றை நம்பி அளவுமீறி ஏற்றாதீர்கள், கீழே தட்டும்.

கனமான வேறு இன்ஜின் வைத்தால் முன்பக்கம் எடை கூடும். பிரேக்கையும் மாற்றாமல் குன்னூர் இறக்கத்தில் இறங்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி இன்ஜின் மாற்றத்துக்கு முன்கூட்டியே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி வேண்டும். 2021இல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டு கடந்த, மூல நிலை மாறாத வண்டிக்குத்தான் விண்டேஜ் பதிவு. அந்தப் பதிவில் அன்றாட ஓட்டம் கூடாது. வேறு இன்ஜின் ஏறிய வண்டிக்கு அந்தப் பதிவே சிக்கலாகும். எனவே, பழைய இன்ஜினை விற்றுவிடாதீர்கள். எண்ணெய் தடவி, பிளக் துளைகளை அடைத்து, தார்ப்பாய் போட்டு உலர்ந்த இடத்தில் வையுங்கள்.