முதுகுக் காற்று

மலேசியாவின் பினாங்கு மாநிலத்து புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர் கடிதத்தை வெட்டாமல் தருகிறேன், அதற்குள்ளேயே ஒரு துப்பு கிடக்கிறது.

"அண்ணே, மூணு பேர் சேர்ந்து ரிலே குழுவா ஒரு அரைதூர டிரையத்லான்ல கலந்துகிட்டோம். தங்கச்சி 1.9 கிலோமீட்டர் நீந்தினா. மச்சான் 90 கிலோமீட்டர் சைக்கிள். கடைசி 21 கிலோமீட்டர் ஓட்டம் எனக்கு. என் முறை வர்ற வரைக்கும் நாலு மணி நேரம் கூடாரத்துல காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். மச்சான் நேரம் அளக்குற கணுக்கால் பட்டையைக் கழட்டி என் கால்ல மாட்டினப்ப மணி பதினொண்ணரை. கடலோர ரோடு, எதிர்க்காத்து. முதல் அஞ்சு கிலோமீட்டர் நல்லாத்தான் போச்சு. யூ-டர்ன் போட்டதும் காத்து முதுகுக்கு வந்துச்சு. இனிமே அதுவே தள்ளிக்கிட்டுப் போயிரும்னு சந்தோஷப்பட்டேன். எட்டாவது கிலோமீட்டர்ல தலை சுத்தி ரோட்டோரம் உட்கார்ந்துட்டேன். உடம்பெல்லாம் குளிச்ச மாதிரி வியர்வை. வியர்த்தா உடம்பு குளிரும்னுதானே ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்தாங்க? நான் ஏண்ணே வெந்தேன்? நான் 84 கிலோ, தங்கச்சி 52. மூணையும் தனியாளா செஞ்சவங்க என்னைத் தாண்டிப் போனதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா."

முதலில் ஒரு வார்த்தை: தலை சுற்றியதும் உட்கார்ந்தீர்களே, அதுதான் அன்றைக்கு நீங்கள் செய்த புத்திசாலித்தனம். தங்கச்சி சிரிக்கட்டும்.

3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 சைக்கிள், 42.2 ஓட்டம் என்கிற முழுத்தூரப் போட்டி 1978-இல் ஹவாயில் 15 பேரோடு தொடங்கியது. 12 பேர் முடித்தார்கள். நீச்சல்காரன் பெரியவனா ஓட்டக்காரன் பெரியவனா என்ற வாய்ச்சண்டையில் பிறந்த போட்டி அது. உங்களுடையது அதில் பாதித் தூரம். ரிலேயில் மூன்று பேரும் ஆளுக்கொரு பங்கை எடுத்துக்கொள்வதால் சண்டை மறுபடியும் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. யாருக்கு எது? பெரும்பாலான குழுக்கள் "யாருக்கு எது நன்றாக வரும்" என்று பார்த்துப் பிரிக்கின்றன. நானாக இருந்தால் காற்றைப் பார்த்துப் பிரிப்பேன். ஏன் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

கணக்கை வேகமாக முடித்துவிடுவோம். ஓடுகிற மனிதனுக்குக் கிலோ எடைக்கும் கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். பிஸ்கட் பாக்கெட்டில் போட்டிருக்குமே, அந்தக் கலோரிதான். 84 கிலோ, மணிக்கு 11 கிலோமீட்டர்: மணிக்கு 924 கலோரி. இதில் பெரும்பங்கு வெப்பமாகத்தான் மிஞ்சும். அத்தனையும் உள்ளேயே தங்கினால் உங்கள் உடம்பு ஐந்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் சூடேறும். 37-இல் தொடங்கினால் கால் மணி நேரத்தில் 40. நீங்கள் அஞ்சு கிலோமீட்டர் தாண்டினீர்கள் என்றால், அதுவரை எதுவோ அந்த வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. எட்டாவது கிலோமீட்டருக்குள் அது நின்றுபோயிருக்கிறது.

அந்த 'எதுவோ' வியர்வை என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். பாதி உண்மை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கலோரியைத் தூக்கிக்கொண்டு போகும், கிட்டத்தட்ட இரண்டு ரொட்டி சானாய் (நம்மூர் பரோட்டா). ஆனால் அதே ஒரு லிட்டர் மூக்கு நுனியிலிருந்து தாரில் சொட்டினால்? ஒன்றுமில்லை. உப்பும் தண்ணீரும் நஷ்டம், அவ்வளவுதான்.

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போவோம்.

தண்ணீரின் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மாரத்தான் கூட்டம் மாதிரி முன்னால் சில வேகக்காரர்கள், நடுவில் பெருங்கூட்டம், பின்னால் மூச்சு வாங்குபவர்கள். தோலை விட்டுப் பிய்த்துக்கொண்டு காற்றில் பாய முடிகிறவை வேகக்கார மூலக்கூறுகள் மட்டுமே. அவை போய்விட்டால் மிச்சமிருக்கும் கூட்டத்தின் சராசரி வேகம் குறைகிறது. வெப்பநிலை என்பதே அந்தச் சராசரியைத்தான் சொல்கிறது. எனவே தோல் குளிர்கிறது. இதுவரை பாடப்புத்தகம். பாடப்புத்தகம் பெரும்பாலும் விட்டுவிடுவது திரும்பி வருகிறவர்களை. காற்றில் ஏற்கெனவே இருக்கும் நீராவி மூலக்கூறுகள் சும்மா மிதப்பதில்லை. அவை தோலில் மோதுகின்றன, ஒட்டுகின்றன, கொண்டுவந்த வெப்பத்தை அங்கேயே கொடுக்கின்றன. பினாங்குப் பாலத்தில் தீவுக்குப் போகிற வண்டியும் உண்டு, பட்டர்வொர்த் பக்கம் வருகிற வண்டியும் உண்டு. கழித்துப் பார்த்தால் மிஞ்சுவதுதான் ஆவியாதல். நம் காற்றில் எந்நேரமும் எதிர்ப்பக்கப் போக்குவரத்து அதிகம்.

எங்கள் பாட்டி தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வரும்போது ஒரு மண்பானை கொண்டுவந்தார். ஆயர் ஈத்தாம் வீட்டின் பின்கட்டில், மணல் பரப்பி, அதன்மேல் வைத்திருந்தார். "இந்த ஊர் மண்ணு சரியில்லை, பானையில தண்ணி குளிர மாட்டேங்குது" என்பது அவருடைய ஆயுட்காலப் புகார். பானையே அவர் கொண்டுவந்த தமிழ்நாட்டு மண்தான் என்று சொன்னால் முறைப்பார். குறை மண்ணில் இல்லை. மதுரையில் 38 டிகிரி வெயில், ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் நனைந்த பானை கிட்டத்தட்ட 24 டிகிரி வரை இறங்க முடியும். பினாங்கில் 32 டிகிரி, 70 சதவீதம் என்றால் 27-க்குச் சற்று மேலேயே நின்றுவிடும். அங்கே 14 டிகிரி இறக்கம், இங்கே ஐந்துகூட இல்லை. ஓடுகிற மனிதன் நடமாடும் மண்பானை. பாட்டியின் புகாரும் உங்கள் புகாரும் ஒன்றுதான்.

எண்ணில் சொன்னால், நனைந்த தோல் 35 டிகிரியில் வெளித்தள்ளும் ஆவியழுத்தம் சுமார் 56 மில்லிபார் (அழுத்தத்தை அளக்கும் அலகு). அந்த மதுரைக் காற்று திருப்பித் தள்ளுவது 20. நம் நண்பகல் காற்று 33. விடியற்காலை எப்படி? 25 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதம். கேட்டாலே புழுங்குகிறது, ஆனால் அழுத்தம் 30-தான், நண்பகலைவிடக் குறைவு. சதவீதம் ஏறியிருக்கிறது, நீராவி இறங்கியிருக்கிறது! கைப்பேசியில் 95 என்று பார்த்துவிட்டு "இன்னிக்கு ஓட வேணாம்" என்று திரும்பிப் படுப்பவர்களுக்கு இது கெட்ட செய்தி. பினாங்குப் பாலத்து மாரத்தானை நள்ளிரவு தாண்டி இருட்டில் தொடங்குகிறார்களே, காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் டிரையத்லானில் நீச்சலும் சைக்கிளும் காலையைத் தின்றுவிடுகின்றன. மற்ற எல்லா ஓட்டமும் முடிந்து எல்லாரும் நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் ரிலேயின் மூன்றாவது ஆள் தொடங்குகிறார்.

இனி காற்று. தோலின்மேல் சில மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு காற்றுப் போர்வை ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியேறும் ஆவி முதலில் அதில்தான் தேங்குகிறது. அது நிரம்பிவிட்டால் மேற்கொண்டு போக வழியில்லை. போர்வையைக் கிழிக்கும் வேலை காற்றோட்டத்துடையது. மாமாக் கடையில் தே தாரேக் ஆற்றுபவரைப் பாருங்கள். ஒரு கை மேலே, ஒரு கை கீழே, நடுவில் ஒரு முழத்துக்குமேல் தேநீர் கயிறு. தேநீரை மெல்லிய இழையாக நீட்டிப் பரப்பைக் கூட்டுகிறார், ஒவ்வொரு ஆற்றலிலும் புதுக் காற்றைக் காட்டுகிறார். குவளையிலேயே வைத்தால் அரை மணி ஆகும் வேலையை அரை நிமிடத்தில் முடித்து, ஒரு சொட்டு சிந்தாமல் நம் முன்னால் வைக்கிறார்.

சார்ல்ஸ் பிளாக்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1775-இல் பதிப்பித்த சோதனை ஒன்று உண்டு. நண்பர்களோடு சுமார் 127 டிகிரி சூடாக்கிய அறைக்குள் போனார். கூடவே முட்டையும் மாட்டிறைச்சியும் எடுத்துப்போனார். முட்டை வெந்தது, இறைச்சி வெந்தது, பிளாக்டன் வேகவில்லை. உலர்ந்த காற்று, வியர்வை அத்தனையும் ஆவி. இறைச்சியின்மேல் துருத்தியால் ஊதியபோது அது இன்னும் சீக்கிரம் வெந்தது. காற்று இரு பக்கமும் வெட்டும் கத்தி: தோலைவிடச் சூடான காற்று வீசினால் வெப்பத்தை உள்ளே கொண்டுவரும், அதுதான் அனல்காற்று. நம் ஊரில் 32, 33 டிகிரிக் காற்று தோலைவிடக் குளிர்ந்ததுதான். ஆகவே பினாங்கில் வீசுகிற காற்றெல்லாம் ஓட்டக்காரருக்கு உறவு.

வீசினால்தானே? உங்கள் யூ-டர்னுக்கு வருவோம். கடல்காற்று மணிக்கு 8 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போகும்போது உங்கள் 11-உம் அதன் 8-உம் சேர்ந்து, தோலில் பட்டது 19. திரும்பியதும் 11-இல் 8 போய் வெறும் 3. காற்றின் வேகம் நான்கு மடங்கானால் ஆவியை அகற்றும் திறன் ஏறத்தாழ இரண்டு மடங்காகும், சதுரமூலக் கணக்கு. அப்படிப் பார்த்தால் யூ-டர்னில் உங்கள் குளிரூட்டி ஒரே நொடியில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அடுப்பு மட்டும் அதே 924-இல் எரிந்துகொண்டிருந்தது. தள்ளிக்கொண்டு போகும் என்று நம்பிய காற்று உங்களை மூடி போட்டு வேகவைத்தது. குளித்த மாதிரி வழிந்த வியர்வை, உடம்பு நன்றாக வேலை செய்ததன் அடையாளமல்ல. ஆவியாக முடியாமல் போனதெல்லாம் வழிந்தது.

மச்சானை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் மிதிக்கிறார், முதுகுக் காற்று அடித்தாலும் தோலில் 22 படும். பாலேக் பூலாவ் மேட்டில் ஏறியவர்களுக்குத் தெரியும், வேகம் எட்டுக்கு இறங்கும்போதுதான் கண்ணில் உப்பு இறங்கும், இறக்கத்தில் அதே வியர்வை ஜில்லென்று காயும்.

நான் இதை வீட்டுத் தராசில் பார்த்தேன். ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு யூத் பார்க்கில் ஒரு மணி நேரம் ஓடினேன், தண்ணீர் குடிக்கவில்லை. (நீங்கள் செய்யாதீர்கள்.) எடை 1.4 கிலோ குறைந்தது. சமையலறைத் தராசில் சட்டை, கால்சட்டை, காலுறை எல்லாவற்றையும் போட்டதில் முன்னைவிட 460 கிராம் கூடுதல். மனைவி அந்தத் தராசை மூன்று முறை கழுவினார், அது தனிக்கதை. தரையில் சொட்டியது கணக்கில் வரவில்லை. ஆக, உடம்பு சிந்தியதில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் எனக்கு எந்த உபகாரமும் செய்யாமல் துணியிலும் தரையிலும் போய்ச் சேர்ந்தது.

இதனால்தான் பிளாஸ்டிக் சட்டை போட்டு "வியர்த்தால் கொழுப்பு கரையும்" என்று ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. குறைவது தண்ணீர், கூடுவது உள்சூடு. இன்னொன்று, "சூட்டோட ஐஸ் தண்ணி குடிக்காதே, நரம்பு இழுத்துக்கும்." என் அம்மாவும் சொல்வார். தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்கு நடக்கிறவர்களுக்குப் பந்தலில் ஐஸ் போட்ட மோரைக் கொடுப்பதும் அதே அம்மாதான். பந்தலில் இருக்கும் அறிவு வீட்டுக்கு வரும்போது எங்கே போகிறதோ.

ஒரு ஆதங்கமும் உண்டு. குளிர்நாடுகளில் வெப்பத்தை ஆராய வேண்டுமென்றால் பெரும் செலவில் அறை கட்டி, உள்ளே வெயிலும் ஈரமும் உண்டாக்குகிறார்கள். நமக்கு வாசல் கதவைத் திறந்தால் போதும். நெடுஞ்சாலை ஓரத்தில் நண்பகலில் புல்வெட்டும் ஆளும், கூரைமேல் வேலை செய்யும் ஆளும், செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் ஆளும் தினமும் உங்கள் எட்டாவது கிலோமீட்டரில்தான் நிற்கிறார்கள். பதக்கத்துக்குச் செலவழிக்கும் காசில் ஒரு பங்கை அவர்கள் உடம்பில் என்ன நடக்கிறது என்று அளக்கச் செலவழித்தால் நான் வரி கட்டும்போது முணுமுணுக்க மாட்டேன்.

சரி, அடுத்த முறைக்கு. நாலு மணி நேரம் நிழலில் உட்கார்ந்ததால் கால் ஓய்ந்திருந்தது, அதனாலேயே வேகமாக ஓடினீர்கள், வேகம்தான் வெப்பம். மூன்றையும் தனியாகச் செய்தவர்கள் களைத்துப் போய் மெதுவாக ஓடினார்கள், அடுப்பு சிறிதாக எரிந்தது, உங்களைத் தாண்டிப் போனார்கள். இரண்டு வாரம் வெயில் நேரத்தில் மெதுவாக ஓடிப் பழகினால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பும் குறையும். கூடாரத்தில் சும்மா உட்காராமல், தொடங்குவதற்கு முன் துருவிய ஐஸைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குங்கள், கச்சாங் (பயறு) இல்லாத ஐஸ் கச்சாங். 300 கிராம் ஐஸ் உருகி உடம்புச் சூட்டுக்கு வர 35 கலோரி எடுக்கும், உங்கள் அளவுக்கு அது அரை டிகிரி கடன். யூ-டர்ன் தாண்டியதும் வேகத்தைக் குறையுங்கள், காற்று தள்ளினாலும்.

இதையெல்லாம்விட எளிய வழி ஒன்று இருக்கிறது. வெப்பம் எடையைப் பொறுத்துப் பிறக்கிறது, தோலின் பரப்பு வழியாகப் போகிறது. உடம்பு சிறுத்தால் எடை வேகமாகக் குறையும், பரப்பு அவ்வளவு குறையாது. 52 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கிற தோல், உங்களுக்குக் கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். சமதரைச் சைக்கிளுக்கு உங்கள் தொடை, நண்பகல் ஓட்டத்துக்குத் தங்கச்சி, கடலுக்கு மச்சான். அவருக்கு நீச்சல் தெரியுமா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.