மெட்டபொலைட்: கஞ்சாப் பரிசோதனையில் அகப்படுவது எது?

'சிறுநீரில் கஞ்சா இருப்பது உறுதியானது' என்று எழுதுகிறோம். ஆய்வகம் தேடுவதும் கண்டுபிடிப்பதும் கஞ்சாவை அல்ல, அதன் மெட்டபொலைட்டை.

கிரேக்கத்தில் 'மெட்டபொலே' என்றால் மாற்றம். அதிலிருந்து உடலுக்குள் நடக்கும் வேதிமாற்றத்துக்கு மெட்டபாலிசம் என்றும், அம்மாற்றத்தில் உண்டாகும் பொருளுக்கு மெட்டபொலைட் என்றும் பெயர் வந்தது.

கஞ்சாவில் போதை தருவது டி.எச்.சி. என்ற வேதிப்பொருள். கல்லீரல் அதை முதலில் ஹைட்ராக்சி டி.எச்.சி.யாக மாற்றுகிறது, அதற்கும் போதை உண்டு. அப்புறம் அது கார்பாக்சி டி.எச்.சி. ஆகிறது, இதற்குப் போதை கிடையாது. சிறுநீரில் தேடுவது இந்தக் கடைசிப் பொருளைத்தான். டி.எச்.சி. உடற்கொழுப்பில் தங்கி மெல்லக் கசிவதால், எப்போதாவது புகைத்தவரிடம் சில நாளும், தினமும் புகைத்தவரிடம் பல வாரமும் இது தென்படும். எனவே 'பாசிட்டிவ்' என்றால் முன்பு எப்போதோ உடலில் கஞ்சா சேர்ந்தது என்றுதான் பொருள். விபத்து நடந்த நேரத்தில் ஓட்டுநர் போதையில் இருந்தாரா என்பதை அது சொல்லாது. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் ஒருவருடைய வேலையோ வழக்கோ தவறாக முடியலாம்.

அளவும் முக்கியம். அமெரிக்க அரசுப் பணியாளர் பரிசோதனையில் முதல் சோதனைக்கு வரம்பு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் (ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு), உறுதிச் சோதனைக்கு 15. 1998 நகானோ ஒலிம்பிக்கில் கனடாவின் ராஸ் ரெபக்லியாட்டியிடம் 17.8 நானோகிராம் காணப்பட்டது. பனிச்சறுக்கில் வென்ற தங்கம் பறிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் திரும்பக் கிடைத்தது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2013இல் இந்த வரம்பை 15இலிருந்து 150க்கு உயர்த்தியது. அதன்படி பார்த்தால் அவர் பிடிபட்டிருக்கவே மாட்டார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நம் பாடநூல்களில் மெட்டபாலிசம் 'வளர்சிதை மாற்றம்'. உடல் கட்டுவதையும் உடைப்பதையும் ஒரே சொல்லில் அடக்கிய அருமையான ஆக்கம். அதன்படி மெட்டபொலைட் 'வளர்சிதைமாற்றப் பொருள்'. உயிரியல் வகுப்புக்கு அது போதும். தடயவியல் அறிக்கைக்கு நீளம் அதிகம். தவிர, உள்ளே போன மருந்தை உடல் உடைப்பதைப் பற்றித்தான் அங்கே பேச்சு. அதனால் 'சிதைபொருள்' என்பதையே நான் பரிந்துரைப்பேன். 'கழிவு' என்று எழுதுவது சரியல்ல, ஹைட்ராக்சி டி.எச்.சி.க்குப் போதை இருக்கிறதே. 'சிறுநீரில் கஞ்சாவின் சிதைபொருள் காணப்பட்டது' என்று எழுதி, பக்கத்திலேயே நானோகிராம் அளவையும் வரம்பையும் குறித்தால் படிப்பவருக்கு விஷயம் சரியாகப் போய்ச் சேரும்.