சோடாவை ஏன் கடைசியில் ஊற்ற வேண்டும்?

ஆவணி மாதம். திருகோணமலை உப்புவெளியில் அக்கா வீட்டில் மருமகளின் சாமத்திய வீடு. சமையலுக்கு ஆள் பிடித்தாயிற்று, பந்தலுக்கும் ஆள் பிடித்தாயிற்று. "பழப் பஞ்ச் பானத்தை மட்டும் தம்பி பார்ப்பான்" என்று அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். நானும் விடியவே முடித்துவிட்டுக் குளிக்கப் போகலாம் என்று நினைத்து, பெரிய அலுமினியச் சட்டியில் மாம்பழக் கூழ், அன்னாசிச் சாறு, சீனி எல்லாவற்றையும் கொட்டி, அதன் மேல் பன்னிரண்டு போத்தல் சோடாவைக் கவிழ்த்தேன். மஞ்சள் நுரை எழும்பி, விளிம்பைத் தாண்டி, மேசை விரிப்பை நனைத்துக்கொண்டு பெரியம்மாவின் காலடி வரை போயிற்று. "தைப்பொங்கல் இப்பவே வந்திட்டுது போல" என்றார் பெரியம்மா. பதினொரு மணிக்கு வந்தவர்கள் குடித்தது வெறும் இனிப்புத் தண்ணீர். நாக்கில் சுள்ளென்று ஏறும் அந்தக் குத்தல் மருந்துக்கும் இல்லை.

எங்கே பிழை விட்டேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தால், பிழையில்லாத இடம்தான் இல்லை. அன்று நான் செய்த ஒவ்வொன்றும் சோடாவுக்குள் இருந்த வாயுவைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும் வேலை.

சோடா என்பது தண்ணீருக்குள் காபனீரொட்சைட்டை அமுக்கத்தால் திணித்து வைத்திருக்கும் ஒரு பானம். ஒரு லீற்றர் சோடாவில் 6 முதல் 7 கிராம் வரை வாயு இருக்கும். அதை முழுவதும் வெளியே விட்டால் நம் வெயிலில் நான்கு லீற்றர் அளவு இடத்தை அடைக்கும். அவ்வளவும் ஒரு போத்தலுக்குள் கிடப்பது மூடி இறுக்கமாக இருக்கும் வரைதான். அமுக்கம் கூடினால் கரையும் வாயுவும் அதே விகிதத்தில் கூடும், குறைந்தால் குறையும். 1803இல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி வெளியிட்ட விதி இது.

திருகோணமலைக் கடலில் சிலிண்டர் கட்டிச் சங்கும் கடலட்டையும் எடுக்கப் போகிறவர்களுக்கு இந்த விதியைப் புத்தகம் பார்த்துச் சொல்லத் தேவையில்லை. பத்து மீற்றர் இறங்கினால் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். ஆழத்தில் அவர்களுடைய இரத்தத்தில் நைதரசன் கூடுதலாகக் கரைந்துவிடும். அவசரப்பட்டு மேலே வந்தால் அது குமிழாகப் பிரிந்து மூட்டுகளைப் பிடிக்கும், சிலரை முடமாக்கியும் விடும். சோடாப் போத்தலின் மூடியைத் திறக்கும்போது கேட்கும் "ஸ்ஸ்" அதே சங்கதிதான். முற்றத்து வெயிலில் 30 பாகை செல்சியஸில் கிடக்கும் சோடாப் போத்தலின் உள்ளே இருக்கும் அமுக்கம், ஏறக்குறைய 40 மீற்றர் ஆழத்தில் இருப்பவரை நெருக்கும் அமுக்கம். அதே போத்தல் பிரிட்ஜில் 4 பாகையில் இருந்தால் அமுக்கம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

ஏன் இறங்குகிறது? குளிர்ந்த தண்ணீர் வாயுவை விட்டுக்கொடுக்காது. வெறும் ஒரு வளிமண்டல அமுக்கத்தில், பூச்சியம் பாகையில் ஒரு லீற்றர் தண்ணீர் 3.3 கிராம் அளவு காபனீரொட்சைட்டைத் தாங்கும். 30 பாகையில் 1.3 கிராம்தான். கச்சான் காற்று அடிக்கும் ஆவணி மாதத்தில், சூடேறிய அலுமினியச் சட்டியில், வெளியில் கிடந்த பழச்சாற்றின் மேல் சோடாவை ஊற்றியவன் நான்.

அடுத்தது குமிழ். இது கொஞ்சம் விசித்திரமான விஷயம். வாயு வெளியேறத் துடித்தாலும், சுத்தமான தண்ணீரின் நடுவில் குமிழ் தானாகப் பிறப்பது மிகக் கடினம். மிகச் சிறிய குமிழைச் சுற்றியுள்ள தண்ணீரின் பரப்பிழுவிசை நசுக்கிவிடும். பிறந்த கையோடு திரும்பவும் கரைந்துவிடும். வெறுங்காணியில் வீடு கட்டுவது கஷ்டம், ஏற்கெனவே ஒரு கொட்டில் இருந்தால் அதைப் பெருப்பிப்பது சுலபம் அல்லவா? குமிழுக்கு அந்தக் கொட்டில், நார்களிலும் கீறல்களிலும் தூசிகளிலும் சிக்கிக்கிடக்கும் கண்ணுக்குத் தெரியாத காற்றுத் துணுக்கு. வாயு அதற்குள் நுழைந்து, பெருத்து, கழன்று மேலே போகும். மிஞ்சிய துணுக்கில் அடுத்த குமிழ் தொடங்கும். கிளாஸின் ஒரே புள்ளியிலிருந்து குமிழ்கள் மாலை கோத்தது போல ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு கொட்டில் இருக்கிறது.

மாம்பழக் கூழில் நார் கோடிக்கணக்கில். சீனிக் கற்களின் இடுக்குகளில் காற்று. எல்லாம் ஒரே நேரத்தில் குமிழ் விட்டால் பொங்காமல் என்ன செய்யும்? எனவே சீனியைக் கல்லாகப் போடக் கூடாது. முதல் நாளே சம அளவு தண்ணீரில் பாகாக்கி, ஆறவைத்து, குளிரவைக்க வேண்டும். கூழை மெல்லிய துணியில் வடிக்க வேண்டும். (வடித்தால் சத்துப் போய்விடும் என்பவர்களுக்கு: விருந்து வீட்டில் பஞ்ச் குடிப்பது சத்துக்காக அல்ல.)

குமிழ் மேலே வந்ததும் உடைந்தால் நுரை இல்லை. வெறும் சோடாவில் அப்படித்தான் உடையும். அன்னாசியில் உள்ள புரதங்களும் பழங்களின் பெக்டின் என்ற பசைப்பொருளும் குமிழின் தோலில் படிந்து அதை உடையவிடாமல் வைத்திருக்கின்றன. என் மேசை விரிப்பை நனைத்தது அந்தத் தோல்தான்.

அன்னாசி வேறொரு வேலையும் பார்க்கும். அதில் புரோமலைன் என்ற நொதியம் இருக்கிறது. புரதத்தை வெட்டிப் போடும். பச்சை அன்னாசிச் சாற்றில் ஜெலட்டின் ஜெலித் துண்டுகளைப் போட்டால் அவை கரைந்து சளசளத்துவிடும், ஏனென்றால் ஜெலட்டின் ஒரு புரதம். ஐஸ்கிறீம் போட்டால் கொஞ்ச நேரத்தில் பால் திரிந்து கசக்கும். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் நோன்பு காலத்தில் செய்யும் கடற்பாசி ஜெலிக்கு இந்த ஆபத்து இல்லை. அது பாசியிலிருந்து வரும் காபோவைதரேற்று வகை, புரதம் அல்ல; புரோமலைனுக்கு அதில் கடிக்க ஒன்றும் இல்லை. ஜெலட்டின் நம் வெயிலிலேயே இளகும், கடற்பாசி உருக 85 பாகை அளவு சூடு வேண்டும். பஞ்சில் நிறநிறமாகத் துண்டு மிதக்கவேண்டுமென்றால் என் வாக்கு கடற்பாசிக்குத்தான்.

பஞ்ச் என்ற பெயர் "ஐந்து" என்ற பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்தது என்பது பலரும் சொல்லும் விளக்கம். பஞ்சாமிர்தத்தில் இருக்கும் அதே பஞ்ச. 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல்காரர்கள் சாராயம், தேசிக்காய், சீனி, தண்ணீர், வாசனைப் பொருள் ஐந்தையும் கலந்து குடித்தார்கள். சோடா பிறகு வந்தது: லீட்ஸ் நகரில் பியர் வடிசாலைக்குப் பக்கத்தில் குடியிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, 1767இல் நொதிக்கும் தொட்டிக்கு மேலே தண்ணீரைப் பிடித்து அதற்குள் வாயுவை ஏற்றினார். கப்பலோட்டிகளின் ஸ்கேவி நோய்க்கு இது மருந்தாகும் என்று நம்பினார், அது நடக்கவில்லை. நோயைத் தீர்த்தது தேசிக்காயும் தோடம்பழமும்.

நாக்கில் ஏறும் குத்தல் குமிழ் வெடிப்பதால் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரும்பங்கு அதுவல்ல. நாக்கில் உள்ள ஒரு நொதியம் காபனீரொட்சைட்டை நொடியில் அமிலமாக்குகிறது. அந்தப் புளிப்பும் எரிவும்தான் நமக்குத் தெரிவது. உயரமான மலை ஏறுபவர்கள் எடுக்கும் அசற்றசோலமைட்டு மாத்திரை இந்த நொதியத்தை முடக்கிவிடும்; அதைப் போட்டவருக்குச் சோடா செத்த தண்ணீராக இருக்கும். குளிர் இன்னொன்றும் செய்யும்: இனிப்பை மழுக்கும். ஆகவே சாற்றை ருசி பார்க்கும்போது கொஞ்சம் தூக்கலாக இனித்தால் பயப்படாதீர்கள், ஐஸ் பட்டதும் சரியாகிவிடும்.

போன மாதம் அதே மருமகளின் பிறந்தநாள் வந்தது. "இந்த முறை கடையில வாங்குவமா?" என்றாள் அக்கா. விடவில்லை நான்.

அன்னாசியும் மாம்பழமும் வடித்த சாறு, பாகு, தேசிக்காய்ப் புளி, ஒரு சிட்டிகை உப்பு எல்லாம் முதல் நாள் இரவே பிரிட்ஜுக்குள் போயின. சோடாப் போத்தல்களை ஒரு வாளி ஐஸ் தண்ணீரில் கழுத்தளவு அமிழ்த்தி, இரண்டு கைப்பிடி கல்லுப்பைத் தூவினேன். உப்புப் பட்ட ஐஸ் பூச்சியத்துக்கும் கீழே குளிர்ந்தபடி உருகும். பிரிட்ஜின் காற்றை விட இந்தத் தண்ணீர் சூட்டைப் பல மடங்கு வேகமாக இழுக்கும், கால் மணி நேரம் போதும். மறந்துபோய் மணிக்கணக்கில் விட்டால் சோடா உறைந்து கண்ணாடிப் போத்தல் வெடிக்கலாம். வாளிக்குள் மீன் சந்தை ஐஸ் போட்டாலும் போத்தலைக் கழுவித் துடைத்துவிட்டே திறக்கவேண்டும். குடிக்கும் ஐஸ் கொதித்தாறிய தண்ணீரில் வீட்டில் உறைய வைத்ததாக இருக்கட்டும்.

பெரிய சட்டியைத் தூக்கிப் பரணில் வைத்தாயிற்று. வாய் அகன்ற பாத்திரத்தில் வாயு தப்பிக்கும் பரப்பும் அகலம். ஒவ்வொரு கிளாஸிலும் இரண்டு பங்கு சாறு, அதற்குமேல் கிளாஸைச் சரித்துப் பிடித்து ஓரமாக மூன்று பங்கு சோடா. பிரான்சில் ரெய்ம்ஸ் பல்கலைக்கழகத்தில் ஷாம்பெயினை இப்படிச் சரித்து ஊற்றி அளந்தே பார்த்துவிட்டார்கள். நட்டநடுவில் ஊற்றுவதை விட வாயு கூடுதலாகத் தங்குகிறது. கரண்டி போட்டுக் கலக்கவே இல்லை, ஏறும் குமிழ்களே கலக்கிவிட்டன. கடைசியாக அரைக் கரண்டி கொடித்தோடம்பழக் (பேஷன் புரூட்) கூழ், விதையோடு.

வேப்பமரத்தடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு மருமகள் தன் கிளாஸை வெளிச்சத்துக்குப் பிடித்தாள். ஒரு கறுப்பு விதை அடியில் கிடந்தது. அதன் மேல் ஒவ்வொன்றாகக் குமிழ் ஒட்டியது. ஐந்தாறு சேர்ந்ததும் விதை மெல்ல எழும்பி, மேலே போய்ச் சேர்ந்து, குமிழ்கள் உடைய, திரும்பவும் கீழே விழுந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கிளம்பியது.

"மாமா, இது எப்ப நிக்கும்?"

"வாயு முடிஞ்சதும்."

குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். கால் மணி நேரம் கழித்து நான் அந்தப் பக்கம் போனபோது இரண்டு விதைகள் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.