வளைகாப்புக்கு என்ன வாங்கலாம்? மூன்றாம் இரவை நினைத்து வாங்குங்கள்

பிரசவ வார்டில் இரவு இரண்டு மணி. தலைப்பிரசவம், மூன்றாம் இரவு. குழந்தை அரை மணிக்கு ஒருமுறை அழுகிறது. தாய் மார்பில் போடுகிறாள். சப்புகிறது, கண்ணயர்கிறது, கீழே கிடத்தியதும் மறுபடி வீறிடுகிறது. “பால் ஊறவில்லை, பிள்ளை பட்டினி கிடக்கிறது” என்று பாட்டிக்குப் பதற்றம் தாங்கவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த பையைத் துழாவி, பளபளவென்று ஓர் அட்டைப் பெட்டியை வெளியே எடுத்தார். வளைகாப்பில் வந்த பரிசு. உள்ளே பால் பாட்டில், இரண்டு ரப்பர் காம்பு, பாட்டில் கழுவும் பிரஷ். நான் அந்தக் கட்டிலுக்குப் போய்ச் சேர்வதற்குள், தாய்மாமன் பால் பவுடர் வாங்க மருந்துக் கடைக்கு ஓடிவிட்டார்.

அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. பிறந்த எடை 2.9 கிலோ, அன்று காலையிலிருந்து நான்கு முறை சிறுநீர் கழித்திருந்தது. இரண்டாம், மூன்றாம் இரவுகளில் பிள்ளைகள் இப்படித்தான் அடிக்கடி பாலுக்கு அழும். அப்படிச் சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு டீஸ்பூன் சீம்பாலே போதும். தாயைச் சாய்ந்து உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, பிள்ளையின் வாய் காம்பை மட்டும் கவ்வாமல் கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வும்படி போட்டுக் காட்டினேன். விடியும்போது பால் கட்டி மார்பு கனத்திருந்தது. பையில் அந்தப் பெட்டி இல்லாமல் இருந்திருந்தால் பாட்டி முதலிலேயே எங்களைக் கூப்பிட்டிருப்பார்.

குழந்தை மருத்துவராக இத்தனை ஆண்டுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதுதான்: நள்ளிரவில் பிள்ளை அழும்போது கைக்கு எது எட்டுகிறதோ, அதைத்தான் வீடு பயன்படுத்தும். அலமாரியில் பாட்டில் இருந்தால் பாட்டில், கிரைப் வாட்டர் இருந்தால் கிரைப் வாட்டர், தெர்மாமீட்டர் இருந்தால் தெர்மாமீட்டர். ஆகவே வளைகாப்புக்கோ, பிள்ளை பார்க்கவோ போகும்போது நீங்கள் வாங்கிப் போகும் பொருள், அந்த வீட்டின் இரவுகளில் ஒரு முடிவை எடுத்துவிடுகிறது.

பாட்டிலைப் பற்றி ஒரு செய்தியை வார்டில் சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கிறது. இந்தியாவில் 1992-ஆம் ஆண்டு முதல் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. 2003-இல் அதை மேலும் கடுமையாக்கினார்கள். பால் பவுடரையும் பால் பாட்டிலையும் விளம்பரம் செய்யவோ, விற்பனையைப் பெருக்க மாதிரிகளையும் பரிசுகளையும் வழங்கவோ கூடாது. நிறுவனம் செய்யக் கூடாத அந்த வேலையை உறவுக்காரர்கள் நாம் ஜரிகைத் தாளில் சுற்றிச் செய்துவிடுகிறோம். பாட்டிலின் கழுத்திலும் காம்பின் உட்புறத்திலும் பால் படிந்து கிருமி வளர்வது எளிது. வயிற்றுப்போக்கோடு வரும் பச்சைப் பிள்ளைகளில் பலருடைய பையில் ஒரு பாட்டில் இருக்கும். ரப்பர் காம்பில் தானாக வழியும் பாலுக்குப் பழகிய பிள்ளை, தாயின் மார்பில் உழைத்துக் குடிக்கச் சிணுங்கும். உடல்நிலை காரணமாகத் தாய்ப்பால் கொடுக்க இயலாத தாய்மார்களும் உண்டு. அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை மருத்துவர் சொல்வார்.

பாட்டிலுக்குப் பதிலாக என்ன கொடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் உடனே சொல்வது பாலாடை. சில ஊர்களில் சங்கு என்பார்கள். நம் பாட்டிமார்கள் வைத்திருந்த, மூக்கு நீண்ட அந்தச் சிறு கிண்ணம்தான். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் அன்றாடம் நாங்கள் பயன்படுத்துவதும் அதுவே. ஆங்கில மருத்துவ ஏடுகளிலும் பாலாடை என்ற நம் பெயராலேயே அச்சாகிறது. 32 வாரத்தில் பிறந்து, மார்பில் சப்பும் வலு வராத பிள்ளைக்குக் கறந்த தாய்ப்பாலை அதில்தான் ஊட்டுகிறோம். வெள்ளியில் வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள், எவர்சில்வரும் போதும். ஒன்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும்: பூவேலைப்பாடு, பொடி மணி, ஒட்டுவைத்த இடம் எதுவும் இல்லாமல் உள்ளும் புறமும் வழவழப்பாக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவிக் கொதிநீரில் போட்டெடுக்க அப்போதுதான் வசதி. ஊட்டும்போது பிள்ளையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கு நுனியை அதன் கீழுதட்டில் வைத்தால் அது தானே நக்கிக் குடிக்கும். படுக்க வைத்து வாயில் ஊற்றக் கூடாது. அதே பாலாடையில் விளக்கெண்ணெயும் சர்க்கரைத் தண்ணீரும் புகட்டும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. எண்ணெய் நுரையீரலுக்குள் போய் மூச்சுத் திணறலோடு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பாலாடையைப் பரிசளிப்பவர்கள் இதையும் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். மலைத்தேன் கொடுப்பவர்கள் ஓராண்டு காத்திருங்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் விதைகள் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலில் முளைத்து நரம்புகளைச் செயலிழக்க வைத்துவிடும்.

அடுத்தது துணி. பத்துப் பரிசில் ஏழு துணியாகத்தான் வருகிறது. அவற்றில் பெரும்பகுதி பிறந்த குழந்தை அளவு, வலை வைத்த கவுன், முத்துத் தைத்த சட்டை. நம் பக்கம் பிள்ளைகள் ஏறக்குறைய 3 கிலோ எடையோடு பிறக்கின்றன. ஐந்தாம் மாதத்தில் எடை இரண்டு மடங்காகிவிடுகிறது. பிறந்தபோது சரியாக இருந்த சட்டை, சில வாரங்களில் தலை வழியே நுழையாது. முதல் மாதத்துக்கு வேண்டியதெல்லாம் முன்னால் முடிச்சுப் போடும் மெல்லிய பருத்தி ஜப்லா ஏழெட்டும், துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய வேட்டித் துணியும்தான். பழைய துணியில் பிள்ளையைக் கிடத்தும் நம் வழக்கத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன், சுத்தமாகத் துவைத்து வெயிலில் உலர்த்தியதாக இருந்தால். துணிதான் எடுப்பேன் என்பவர்கள் ஆறு மாதப் பிள்ளைக்கான அளவில் எடுங்கள். எடுப்பதற்கு முன் விரல்விட்டு மாதத்தை எண்ணுங்கள். தை மாதம் ஏழாம் மாத வளைகாப்பு என்றால், பிள்ளை பங்குனி கடைசியில் அல்லது சித்திரையில் பிறக்கும். கத்திரி வெயிலில் கம்பளித் தொப்பியும் கால் உறையும் போட்டால் உடல் சூடேறி வேர்க்குரு போட்டுவிடும். அதே பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்போது ஐப்பசி மழை. முழுக்கைச் சட்டை அப்போது உதவும்.

கை உறையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். நாற்பது நாள் பிள்ளை ஒன்றை மாலையிலிருந்து ஓயாத அழுகை என்று கொண்டுவந்தார்கள். வயிற்றுவலி என்று நினைத்து ஏதோ மருந்தும் கொடுத்திருந்தார்கள். அழுகிற பிள்ளையைத் தலை முதல் கால் வரை துணியில்லாமல் பார்க்க வேண்டும் என்பது எங்களுக்குப் பாடம். கடைசியாகக் கை உறையைக் கழற்றினேன். ஆட்காட்டி விரல் நுனி நாவல்பழ நிறத்தில் வீங்கியிருந்தது. உறையின் உள்தையலிலிருந்து பிரிந்த ஓர் இழை நூல், விரலில் மோதிரம்போல் இறுகிச் சதைக்குள் புதைந்திருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துக்கொண்டு, கூர்முனைக் கத்தரியால் அந்த இழையை எடுக்க இருபது நிமிடம் ஆனது. விரல் தப்பியது. சில மணி நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தாயிடம் அப்போது நான் சொல்லவில்லை. உறை அணிவிப்பது முகத்தில் நகம் கீறாமல் இருக்கத்தானே? அதற்கு ஒரு சிறு நகவெட்டி போதும். பிள்ளை தூங்கும்போது வெட்டிவிடலாம். ஏற்கெனவே உறை பரிசாக வந்திருந்தால், உட்புறத்தை வெளியே திருப்பித் தொங்கும் நூல்களை எல்லாம் நறுக்கிவிட்டுப் போடுங்கள். கால் உறைக்கும் இதே கவனம் வேண்டும். தாயின் உதிர்ந்த தலைமுடியும் இப்படிக் கால்விரலில் சுற்றிக்கொள்வதுண்டு.

சோப்பு, பவுடர், எண்ணெய், லோஷன் அடங்கிய பரிசுப் பெட்டி இல்லாத வளைகாப்பே இல்லை. அதில் பவுடரை நான் எடுத்து வைத்துவிடச் சொல்வேன். தட்டும்போது பறக்கும் தூள் பிள்ளையின் மூச்சோடு உள்ளே போகிறது. கழுத்து மடிப்பிலும் தொடையிடுக்கிலும் வியர்வையோடு சேர்ந்து கட்டியாகித் தோலைப் புண்ணாக்குகிறது. உடம்பில் தடவுவதற்குத் தேங்காய் எண்ணெயைவிட விலை உயர்ந்த எதுவும் வேண்டியதில்லை. கண்ணுக்கு மை வேண்டாம். திருஷ்டிப் பொட்டு வைத்தே தீர வேண்டும் என்றால் உள்ளங்காலில் வைத்துக்கொள்ளுங்கள். வசம்பு வளையல், மணி கோத்த கொலுசு, பாசிமணி ஆகியவை மூன்று நான்கு மாதத்தில் வாய்க்குள் போகும்; கயிறு இற்றால் தொண்டைக்குள் போகும்.

தலை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகுத் தலையணை வாங்கித் தருகிறார்கள். பச்சைப் பிள்ளைக்குத் தலையணையே கூடாது. சமமான, அழுத்தமான விரிப்பில் மல்லாத்திப் படுக்க வைக்க வேண்டும்; பக்கத்தில் கரடி பொம்மையோ பஞ்சு மெத்தென்ற அணையோ இருந்தால் மூக்கை அடைத்துவிடலாம், விலக்கிக்கொள்ளத் தலையைத் தூக்கும் பலம் அதற்கு இல்லை. அந்தப் பணத்துக்குக் குடைபோல் விரிக்கும் கொசுவலை வாங்குங்கள். டெங்கு வந்துபோகும் ஊரில் இதைவிடப் பயனுள்ள பரிசு இல்லை. டெங்குக் கொசு பகலில் கடிப்பது. பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். பாட்டுப் பாடும் பொம்மைகளில் பொத்தான் வடிவ பேட்டரி இருக்கும். வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால் இன்னும் கவனம். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் அரித்துவிடும். நடைவண்டி என்ற பெயரில் வரும், பிள்ளையை உள்ளே உட்கார வைக்கும் சக்கர வாக்கரை வாங்கவே வாங்காதீர்கள். அதனால் நடை சீக்கிரம் வருவதில்லை. படிக்கட்டுக்கும் அடுப்புக்கும்தான் பிள்ளை சீக்கிரம் போய்ச் சேர்கிறது. கனடாவில் 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டார்கள்.

டிஜிட்டல் தெர்மாமீட்டரை யாரும் பரிசாக நினைப்பதில்லை. எனக்கு அதன்மேல் தனி மதிப்பு. பச்சிளங்குழந்தையின் அக்குளில் வைத்துப் பார்க்கும்போது 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது இயல்பு. அதற்கு மேலே போனாலும் கீழே இறங்கினாலும், குறிப்பாகப் பிள்ளை பால் குடிக்காமல் துவண்டிருந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடம்பைத் தொட்டுப் பார்த்துக் குழம்பும் இரவில் அந்த எண் ஒரு குடும்பத்தை மருத்துவமனைக்குக் கிளப்பும்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையில் பிரசவிக்கும் தாய்மார்களுக்காக 2015-இல் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள்கள் இருந்தன. துண்டு, கொசுவலை, நாப்கின், நகவெட்டி என்று பட்டியல் போகும். பாட்டில் அதில் இல்லை. தாய்க்குக் கை கழுவும் திரவமும் சௌபாக்கிய சுண்டி லேகியமும் இருந்தன. பட்டியல் போட்டவர்களுக்குப் பச்சை உடம்புக்காரியின் நினைவு இருந்திருக்கிறது. உறவினர் பரிசுகளிலோ வளைகாப்பன்று பட்டும் வளையலும் அவளுக்கு வருவதோடு சரி. பிள்ளை பிறந்த பிறகு ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் கொடுக்கப் போகிறவள் அவள். முன்பக்கம் திறக்கும் பருத்தி நைட்டி நான்கு, கை வைத்த உயரம் குறைந்த நாற்காலி, பால் கொடுக்கும்போது எட்டுகிற இடத்தில் ஒரு தண்ணீர்ப் புட்டி. இவற்றுக்கு அவள் வாழ்த்துவாள். பத்தியம் என்று தண்ணீரையும் காய்கறியையும் குறைக்கும் வீடுகளில், வாரம் இரண்டு நாள் கீரை, பருப்பு, மீன் குழம்போடு மதியச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கும் அத்தையோ சித்தியோ செய்வது பெரிய உதவி. அப்படியே இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாளா என்று கேளுங்கள்; பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் சாப்பிட வேண்டும், பாதிப் பேர் வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுகிறார்கள்.

வரும் வாரம் என் தங்கை மகளுக்கு வளைகாப்பு. வழவழப்பான எவர்சில்வர் பாலாடை, தெர்மாமீட்டர், நகவெட்டி, கொசுவலை, ஆறு மாத அளவில் இரண்டு முழுக்கைச் சட்டை எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். பிள்ளை பிறந்த மூன்றாம் இரவு அவளோடு தங்க வருகிறேன் என்று தங்கையிடம் இப்போதே சொல்லியிருக்கிறேன்.