கிவு ஏரியின் அடியில் ஒரு படிக்கட்டு

"ருவாண்டாவில் ஓர் ஏரியிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள் என்று படித்தேன். படத்தில் அணையையே காணோமே? நடு ஏரியில் ஒரு மிதவை மட்டும்தான் நிற்கிறது" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கூடவே இன்னும் இரண்டு கேள்விகள். அந்த ஏரி ஒருநாள் வெடிக்கும் என்கிறார்களே, நிஜமா? அதில் இறங்கிக் குளிக்கலாமா?

மூன்றுக்கும் பதில் ஒரே விஷயத்தில் அடங்கியிருக்கிறது. கிவு ஏரியின் அடித்தண்ணீர் மேல்தண்ணீரோடு கலப்பதே இல்லை. ஏன் கலப்பதில்லை என்று படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நாட்டைப் பார்த்துவிடலாம். ருவாண்டாவின் பரப்பு 26,338 சதுர கிலோமீட்டர். 2022 கணக்கெடுப்பின்படி மக்கள் 1.32 கோடிப் பேர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 500 பேருக்கு மேல் வருகிறது. 'ஆயிரம் குன்றுகளின் நாடு' என்று பெயர். குன்றின் உச்சிவரை பாத்தி கட்டி வாழையும் பீன்ஸும் சர்க்கரைவள்ளியும் போட்டிருப்பார்கள். கடல் கிடையாது. பெட்ரோலும் டீசலும் தார் எஸ் சலாம், மொம்பாசா துறைமுகங்களில் இறங்கி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வந்து சேர வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அடுப்பெரிவது விறகிலும் கரியிலும்தான். இத்தனை பேர் இத்தனை சிறிய இடத்தில் விறகு வெட்டினால் குன்றுகள் தாங்குமா? இப்படிப்பட்ட நாட்டுக்குத் தன் எல்லைக்குள்ளேயே ஓர் எரிபொருள் கிடைப்பது சாதாரண விஷயமே இல்லை.

அந்த எரிபொருள் மேற்கு எல்லையில், கிவு ஏரியில் இருக்கிறது. ஆப்பிரிக்கக் கண்டம் மெல்ல இரண்டாகப் பிளந்துகொண்டிருக்கும் பெரும்பள்ளத்தாக்கில் இந்த ஏரி கிடக்கிறது. ஒரு காலத்தில் இங்கிருந்த தண்ணீர் வடக்கே நைல் பக்கம் ஓடியது. பிறகு விருங்கா எரிமலைகள் எழுந்து வழியை அடைத்தன. தேங்கிய தண்ணீர் நிரம்பி, தெற்கே ருசிசி ஆறாக வழிந்து, டாங்கனிக்கா ஏரி வழியாக காங்கோ ஆற்றில் சேர்கிறது. ஏரியின் மட்டம் கடலுக்கு மேல் சுமார் 1,460 மீட்டர். ஆழம் 480 மீட்டருக்கு மேல். ஏரியின் ஒரு பங்கு ருவாண்டாவுக்கு, சற்றுப் பெரிய மறுபங்கு காங்கோ ஜனநாயகக் குடியரசுக்கு.

எரிமலைப் பூமி என்பதால் அடியிலிருந்து கரியமில வாயு கசிந்துகொண்டே இருக்கிறது. அது தண்ணீரில் கரைகிறது. அதில் ஒரு பகுதியை அடியில் வாழும் நுண்ணுயிரிகள் மீத்தேனாக, அதாவது எரியக்கூடிய வாயுவாக, மாற்றுகின்றன. மக்கிய பாசியிலிருந்தும் மீத்தேன் வருகிறது. இப்படிச் சேர்ந்தது சுமார் 300 கன கிலோமீட்டர் கரியமில வாயு, சுமார் 60 கன கிலோமீட்டர் மீத்தேன். 300 மீட்டருக்குக் கீழே போய் ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்தால், அதில் கரைந்திருக்கும் வாயு, வெளிக்காற்றின் அழுத்தத்தில் அளந்தால், இரண்டு லிட்டருக்கு மேல் வரும். மூடி திறக்காத சோடா பாட்டில் எப்படியோ அப்படி. பாட்டிலில் மூடி அழுத்தி வைத்திருக்கிறது. ஏரியில் மேலே நிற்கும் 300 மீட்டர் தண்ணீரின் கனம் அழுத்தி வைத்திருக்கிறது.

மூடி திறந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் பார்த்துவிட்டது. 1986 ஆகஸ்ட் 21 இரவு, கேமரூன் நாட்டின் நியோஸ் ஏரி புரண்டது. அடித்தண்ணீர் மேலே வர, அழுத்தம் குறைந்து வாயு குமிழிட, குமிழிட்ட தண்ணீர் இலேசாகி இன்னும் வேகமாக மேலே வர, சில மணி நேரத்தில் கரியமில வாயு மேகமாகப் பள்ளத்தாக்குகளில் இறங்கியது. சுமார் 1,700 பேர் தூக்கத்திலேயே மூச்சுத் திணறி இறந்தார்கள். ஆடு மாடுகளும் ஆயிரக்கணக்கில் செத்தன. நியோஸ் ஏரியின் பரப்பு ஒன்றரை சதுர கிலோமீட்டர்தான். கிவுவின் பரப்பு 2,300 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதன் இரு கரைகளிலும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள்.

சரி, இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன். கிவுவின் அடித்தண்ணீர் ஏன் மேலே வரவில்லை?

இதில் ஒரு புதிர் இருக்கிறது. சூடான தண்ணீர் இலேசானது, மேலே வரும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். கிவுவில் 100 மீட்டர் ஆழத்தில் சுமார் 23 பாகை செல்சியஸ் இருக்கிறது, அடியில் சுமார் 26. அதாவது கீழேதான் சூடு. பள்ளிப் பாடப்படி இந்த ஏரி எப்போதோ தலைகீழாகப் புரண்டிருக்க வேண்டும். புரளாமல் பிடித்து வைத்திருப்பது உப்பு. எரிமலைப் பாறைகளின் வழியாக ஊறி, ஏரியின் சரிவுகளில் வெளிப்படும் வெந்நீர் ஊற்றுகள் உப்பைக் கொண்டுவந்து அடியில் சேர்க்கின்றன. கரைந்த கரியமில வாயுவும் தண்ணீருக்குக் கனம் கூட்டும். சூடு மேலே தூக்கப் பார்க்கிறது, உப்பும் வாயுவும் கீழே இழுக்கின்றன. இழுபறியில் உப்புப் பக்கம் ஜெயிக்கிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் பாதிவரை வெந்நீர் ஊற்றி, இரண்டு ஸ்பூன் உப்பைக் கரைத்து, நிறத்துக்கு நாலு சொட்டு காபி டிகாக்‌ஷன் விடுங்கள். ஸ்பூனைக் கவிழ்த்து, அதன் நுனி தண்ணீரைத் தொடும்படி பிடித்து, முதுகின்மேல் பச்சைத் தண்ணீரை மெல்ல, மிக மெல்ல ஊற்றுங்கள். கை நடுங்கினால் கெட்டுவிடும். எனக்கு மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. கீழே பழுப்பு, மேலே தெளிவு, நடுவில் கத்தியால் வெட்டினது போல ஒரு கோடு. மதியம் செய்து வைத்தேன், மாலையில் பார்த்தபோதும் கோடு நின்றது. ஆனால் டம்ளரின் அடியைத் தொட்டால் சில்லென்று இருந்தது. சூடு போய்விட்டது, உப்பு போகவில்லை. கண்ணாடி வழியாகவும் சூடு போயிருக்கும்தான். ஆனாலும் கிவுவின் ரகசியம் இதுவேதான். தண்ணீரில் சூடு பரவும் வேகம், உப்பு பரவும் வேகத்தைப் போல ஏறக்குறைய 100 மடங்கு.

இந்த வேக வித்தியாசம் ஏரிக்குள் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரு கோட்டுக்குக் கீழே சூடான உப்புத் தண்ணீர், மேலே சற்றுக் குளிர்ந்த, உப்புக் குறைந்த தண்ணீர். சூடு மட்டும் கோட்டைக் கடந்து மேலே நழுவுகிறது. கோட்டை ஒட்டி மேலே இருக்கும் தண்ணீர் சூடாகி, இலேசாகி, எழும்பி, தன் அடுக்கு முழுவதையும் கலக்குகிறது. கோட்டை ஒட்டிக் கீழே இருக்கும் தண்ணீர் சூட்டை இழக்கிறது. உப்பு மட்டும் அப்படியே இருப்பதால் கனம் கூடி இறங்கி, தன் அடுக்கைக் கலக்குகிறது. மேலும் கலங்குகிறது, கீழும் கலங்குகிறது, நடுவில் உள்ள கோடு மட்டும் கலங்காமல் இன்னும் கூர்மையாகிறது. கலக்கலே பிரிவைக் காக்கிறது! இப்படி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குகள் உருவாகி, முழு ஏரியும் ஒரு படிக்கட்டாக நிற்கிறது. வெப்பமானியை மெல்ல இறக்கி அளந்தால் 300க்கும் மேற்பட்ட படிகள் தெரிகின்றன. ஒவ்வொரு படியும் அரை மீட்டர் அளவு. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் வெப்ப வித்தியாசம் ஒரு பாகையில் ஆயிரத்தில் சில பங்குதான்.

உப்பைப் போலவே வாயுவும் மெதுவாகப் பரவுவது. ஆகவே இந்தப் படிக்கட்டில் சூடு ஏறிப் போய்விடுகிறது, வாயு படிக்குப் படி மாட்டிக்கொள்கிறது. அடித்தண்ணீர் முழுவதும் புதிதாக மாற பல நூறு ஆண்டுகள் ஆகும். அத்தனை காலமும் வாயு சேர்ந்துகொண்டே இருக்கும். சுமார் 250 மீட்டர் ஆழத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய ஒரு படி இருக்கிறது. அங்கே உப்புக் குறைந்த குளிர்ந்த ஊற்றுகள் பக்கவாட்டில் நுழைவதால் வந்தது அது. பெரும்பங்கு மீத்தேன் அந்தப் படிக்குக் கீழேதான்.

ஆயிரத்தில் ஒரு பாகையை அளப்பது என்றால், கருவியைக் கயிற்றில் கட்டி, படகு ஆடாத நாளாகப் பார்த்து, மணிக்கணக்கில் பொறுமையாக இறக்க வேண்டும். சுவிட்சர்லாந்து நீராய்வு அறிஞர்கள் ருவாண்டா, காங்கோ அறிஞர்களோடு சேர்ந்து பல பத்தாண்டுகளாக இதைச் செய்து வருகிறார்கள். 2005இல் வந்த ஓர் ஆய்வு, 30 ஆண்டுகளில் மீத்தேன் 15 சதவீதம் வரை கூடியிருக்கலாம் என்று சொல்லிக் கவலையைக் கிளப்பியது. 2018இல் மேலும் துல்லியமாக அளந்தபோது, அப்படிக் கூடியதற்குச் சான்றில்லை என்று தெரிந்தது. ஏற்கெனவே அளந்ததை மறுபடி அளக்கப் பணம் கேட்டால், "புதிதாக என்ன இருக்கிறது?" என்று கேட்கிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். கரையோரத்து 20 லட்சம் பேர் நிம்மதியாகத் தூங்கலாமா என்பதற்கான பதில், அந்தப் பழைய அளவையும் புதிய அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் கிடைத்தது. ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கை இப்படி அளந்ததையே அளப்பதற்கென்று எடுத்து வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வெடிக்குமா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கிவுவின் ஆழத்தில் வாயு தரும் அழுத்தம், அங்கே தண்ணீர் தரும் அழுத்தத்தில் பாதி அளவுக்குத்தான் வந்திருக்கிறது. முழு அளவை எட்டினால்தான் தானாகக் குமிழிடும். 2002 ஜனவரியில் நியிராகோங்கோ எரிமலையின் குழம்பு கோமா நகரைப் பிளந்துகொண்டு ஏரியிலேயே இறங்கியது. மேலடுக்குகள் கலங்கின, ஆழத்துப் படிகள் அசையவில்லை. ஆனால் ஏரிக்கு அடியிலேயே ஒரு பெரிய எரிமலை வெடிப்பு நேர்ந்தால் கதை வேறு. உடனடி அபாயம் இன்று இல்லை. ஆனால் என்றைக்குமே வராது என்று சொல்ல முடியாது.

இனி மிதவை. மேலிருந்து 350 மீட்டர்போல ஆழத்துக்கு ஒரு குழாயை இறக்குகிறார்கள். தொடக்கத்தில் மட்டும் பம்ப் வைத்துக் கொஞ்சம் தண்ணீரைத் தூக்கினால் போதும். மேலே வர வர அழுத்தம் குறைந்து குமிழ் வரும், குமிழ் வந்தால் குழாய்த் தண்ணீர் இலேசாகும், இலேசானால் தானே ஏறும். நியோஸில் ஊரைக் கொன்ற அதே பாய்ச்சல்தான், குழாய்க்குள் அடங்கி வேலை செய்கிறது. நியோஸிலேயே 2001இல் இப்படி ஒரு குழாய் போட்டார்கள். பம்பை நிறுத்திய பிறகும் ஏறக்குறைய 50 மீட்டர் உயரத்துக்கு நீரூற்று பீய்ச்சி, ஏரியின் வாயுவை மெல்ல வெளியேற்றியது.

கிவுவில் வாயுவை வீணாக்குவதில்லை. மீத்தேன் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கரியமில வாயு நன்றாகக் கரையும். அதனால் முதலில் பிரிந்து வருவது மீத்தேன். அதோடு ஒட்டி வரும் கரியமில வாயுவை மேல்மட்டத் தண்ணீரால் கழுவி எடுத்துவிட்டு, மீத்தேனைக் குழாய் வழியே கரைக்கு அனுப்பி இன்ஜினில் எரிக்கிறார்கள். கரோங்கியில் 2016இல் திறக்கப்பட்ட கிவுவாட் நிலையம் 26 மெகாவாட் தருகிறது. இதற்கு வெகுமுன்பே, 1963லிருந்து, வடகரையில் கிசெனியில் இருந்த ஒரு பீர் ஆலையின் கொதிகலன் இந்த ஏரியின் வாயுவில்தான் எரிந்தது. இன்னொரு நல்லது இதில் இருக்கிறது. வாயுக்களில் மீத்தேனின் பங்கு சிறிதுதான். கரைய மறுக்கும் குணத்தால், ஏரிக்குள் இருக்கும் வாயு அழுத்தத்தில் பெரும்பங்கு அதனுடையது. மீத்தேனை எடுக்க எடுக்க விளக்கும் எரியும், அபாயமும் குறையும்.

வாயு போன தண்ணீரைத் திருப்பி விட வேண்டுமே, அங்கேதான் சிக்கல். கரியமில வாயு குறைந்ததால் அதன் கனம் மாறியிருக்கும். தப்பான ஆழத்தில் விட்டால் நூற்றாண்டுகளாக நின்ற படி தளரலாம். மிக மேலே விட்டால் அடித்தண்ணீரின் சத்து பாசியை வளர்த்து மீனைக் கொல்லலாம். அதனால்தான் ஏரியைக் கண்காணிக்க ருவாண்டா அரசு தனியாக ஒரு குழு வைத்திருக்கிறது.

அரசு என்றதும் சொல்ல வேண்டியவை உண்டு. 1994இல் நடந்த இனப்படுகொலையில் நூறு நாட்களில் சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்ட நாடு இது. அதிலிருந்து எழுந்து, நாடாளுமன்றக் கீழவையில் பாதிக்கு மேல் பெண்கள் இருக்கும் நாடானது. மாதக் கடைசிச் சனிக்கிழமை ஊரே கூடி உழைக்கும் 'உமுகாண்டா' நடக்கிறது. ஆனால் 2000லிருந்து பால் ககாமேதான் அதிபர். 2024 தேர்தலில் அவர் பெற்ற வாக்கு 99 சதவீதம். எதிர்க்குரலுக்கு இடம் குறைவு என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. 2025இல் ஏரியின் காங்கோக் கரையில் உள்ள கோமாவும் புகாவுவும் எம்23 என்ற கிளர்ச்சிப் படையின் கைக்குப் போயின. அந்தப் படைக்கு ருவாண்டா உதவுகிறது என்று ஐ.நா. வல்லுநர்கள் சொல்கிறார்கள், ருவாண்டா மறுக்கிறது. படிக்கட்டு இரண்டு நாட்டுக்கும் ஒன்றுதான். ஒரு கரையில் துப்பாக்கி வெடிக்கும்போது யார் போய் வெப்பமானியை இறக்குவது?

கடைசிக் கேள்வி, குளிக்கலாமா? குளிக்கலாம். கிவுவில் முதலையும் இல்லை, நீர்யானையும் இல்லை. மேல் அறுபது மீட்டர்போல நல்ல தண்ணீர், காற்றுள்ள தண்ணீர். அதில்தான் டாங்கனிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட சாம்பாசா என்ற சின்ன மீன் வளர்கிறது. மூன்று படகுகளைக் கம்புகளால் சேர்த்துக் கட்டி, விளக்கேற்றி, பாடிக்கொண்டே இரவில் பிடிக்கப் போகிறார்கள்.

ஆனால் கோமா பக்கத்தில், எரிமலைக் கரையோரப் பள்ளங்களில் மட்டும் இறங்காதீர்கள். அங்கே நிலத்திலிருந்து கசியும் கரியமில வாயு தேங்கி நிற்கும். ஊர்க்காரர்கள் அதை 'மசுகு', கெட்ட காற்று என்கிறார்கள். ஆடு செத்துக் கிடக்கும் பள்ளத்தைப் பேய் பிடித்த இடம் என்று சொல்லி விலகிப் போனவர்களை நான் மூடநம்பிக்கைக்காரர்கள் என்று தள்ள மாட்டேன். இடத்தைச் சரியாகத்தான் கண்டிருக்கிறார்கள். பரிகாரம் செய்துவிட்டோம், இனி இறங்கலாம் என்று யாராவது சொன்னால் அதை மட்டும் நம்பக் கூடாது. காற்றில்லாத அதிகாலையில்தான் வாயு அதிகம் தேங்கும். நின்றிருக்கும் பெரியவருக்கு ஒன்றும் தெரியாது, அவர் காலடியில் உட்கார்ந்து விளையாடும் குழந்தைக்கு மூச்சு நின்றுவிடும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வந்துவிடுங்கள்.