நகத்தைத் தின்னும் பூஞ்சை

"நகம் செத்த பொருள், கல் மாதிரி வேறு இருக்கிறது. அதில் பூஞ்சைக்கு என்ன சாப்பாடு?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான சந்தேகம்தான். நகத்தைக் கடித்து விழுங்கினால் நம் வயிற்றுக்கே அது செரிக்காது.

பூஞ்சைக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. நொதிகளை வெளியே சுரந்து, இருந்த இடத்திலேயே உணவைக் கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். படர்தாமரைக்கும் நகச்சொத்தைக்கும் காரணமான ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம் இப்படித்தான் பிழைக்கிறது.

அந்த நொதிகளை எப்படி அடையாளம் காண்கிறார்கள்? நகமும் முடியும் உருவாகியிருக்கும் புரதமான கெரட்டினை மட்டும் உணவாகக் கொடுத்துப் பூஞ்சையை வளர்த்து, ஊறிய திரவத்தை வடிகட்டி, அதிலிருந்து புரதங்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். பொறுமைசாலிகளின் வேலை, அதை விட்டுவிடுவோம். அப்புறம் நீலச் சாயம் ஏற்றிய கெரட்டின் தூளில் நொதியை ஊற்றுவார்கள். கெரட்டின் வெட்டுப்பட வெட்டுப்பட நீலம் தண்ணீரில் இறங்கும். எவ்வளவு நீலமோ அவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்று கணக்கு. பி.எம்.எஸ்.எஃப். என்ற ரசாயனத்தைச் சேர்த்ததும் வேலை நின்றால் அது செரின் வகை, அதாவது செரின் என்ற அமினோ அமிலத்தைக் கத்தியாகக் கொண்டு புரதத்தை வெட்டும் நொதி. உலோக அயனிகளைப் பிடுங்கிக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. என்ற ரசாயனத்துக்கு அடங்கினால் உலோக வகை, அதாவது உலோக அயனி இல்லாமல் வெட்ட முடியாத நொதி.

எல்லாம் சரி, ஆனால் சுத்தமாகப் பிரித்தெடுத்த இந்த நொதியை நிஜ நகத்தின் மேல் விட்டால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை! எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கெரட்டின் இழைகளைக் கந்தக அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்துப் பூட்டி வைத்திருக்கின்றன. முடியைச் சுருட்டப் பூசும் ரசாயனம் உடைப்பதும் இந்தப் பூட்டைத்தான். பூட்டு திறக்காமல் நொதிக்கு உள்ளே வழி கிடையாது. திறப்பது சல்ஃபைட் என்ற சின்ன உப்பு. அதைப் பூஞ்சையே தயாரிக்கிறது. கெரட்டின் செரிக்கும்போது சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஏராளமாக வந்து சேரும். அளவு மிஞ்சினால் பூஞ்சைக்கே அது விஷம். எனவே அதைச் சல்ஃபைட்டாக மாற்றி, செல்சவ்வில் உள்ள ஒரு பம்ப் வழியாக வெளியே தள்ளுகிறது. அந்தக் கழிவு போய் அடுத்த பூட்டை உடைக்கிறது. நொதிகள் உள்ளே நுழைய, மறுபடியும் சிஸ்டீன், மறுபடியும் சல்ஃபைட். குப்பையைக் கொட்டும் சாக்கில் கதவைத் திறந்துகொள்ளும் கெட்டிக்காரத்தனம்!

2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முன்னுரிமைப் பட்டியலில் 19 பூஞ்சைகள் உண்டு. தோலோடும் நகத்தோடும் நின்றுவிடும் இந்தக் கூட்டத்துக்கு அதில் இடமில்லை. உயிரைப் பறிக்கும் பூஞ்சைகளை முன்னே வைத்தது சரிதான். ஆனாலும் மாதக்கணக்கில் சொறிந்துகொண்டிருப்பவர்களுக்காகவும் கொஞ்சம் ஆய்வுப் பணம் ஒதுக்கலாம் என்பது என் கட்சி.

எங்கே கை வைக்கலாம் என்பதற்குத் தடயம் ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. ட்ரைக்கோஃபைட்டானின் நெருங்கிய உறவான ஒரு பூஞ்சையில் அந்தப் பம்புக்கான மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். முடியிலும் நகத்திலும் அதனால் வளர முடியவில்லை.