பிபிஎம் குறைஞ்சா அமோனியா குறைஞ்சிடுச்சுன்னு யாருங்க சொன்னது?

"சார், மாட்டுக் கொட்டகைத் திரையைத் தூக்கிவிட்டதும் அமோனியா 10 பிபிஎம் இருந்தது 3 ஆயிடுச்சு, எமிஷன் 70 சதவீதம் குறைஞ்சதுன்னு ரிப்போர்ட்ல போட்டுடலாமா?" இந்த வாரமும் ஒருத்தர் கேட்டுட்டார். போடாதீங்க, தயவுசெஞ்சு போடாதீங்க.

உள்ளே காத்துல எவ்வளவு அமோனியா கலந்திருக்குங்கறது ஒண்ணு, அதுதான் பிபிஎம், பத்து லட்சம் பங்கு காத்துல எத்தனை பங்குன்னு. மணிக்கு எவ்வளவு வெளியே போகுதுங்கறது இன்னொண்ணு, அதுதான் எமிஷன். மீட்டர் சொல்றது முதல்ல உள்ளதை மட்டும்தான். கணக்கே போட்டுடறேன், 1 பிபிஎம்னா ஒரு கன மீட்டர் காத்துல சுமார் 0.7 மில்லிகிராம், திரை மூடியிருந்தப்ப மணிக்கு 10,000 கன மீட்டர் காத்து வெளியே போச்சுன்னு வைங்க, 10 பிபிஎம்முக்கு 70 கிராம் ஆச்சு. திறந்ததும் காத்து 40,000 ஆகுது, வெறும் 3 பிபிஎம்தான், ஆனா 84 கிராம்! குறையவே இல்ல, கூடியிருக்கு. சாணி மூத்திரம் மேல காத்து வீசினா அப்படித்தான் ஆகும். திறந்து வைக்கறது மாட்டுக்கு நல்லது, தாராளமா திறங்க, அதுக்கு எமிஷன் குறைப்புன்னு பேர் மட்டும் வைக்காதீங்க.

அப்ப காத்தோட்டத்தை எப்படி அளக்கறது? ஃபேன் வெச்ச கொட்டகைல வேலை பாக்கறவங்களைக் கண்டா எனக்குப் பொறாமைதான், ஃபேன் வாயிலேயே அளந்துடுவாங்க. பக்கம் திறந்த கொட்டகைல காத்து திசை மாறினா உள்ளே வர்ற பக்கமே வெளியே போற பக்கமாயிடும். அதனால மாட்டோட எடை, பால், சினை எல்லாம் வெச்சு அது விடற கார்பன் டை ஆக்சைடைக் கணக்கு போட்டு, உள்ளேயும் வெளியேயும் அந்த வாயு இருக்கற அளவோட வித்தியாசத்தால வகுக்கறோம், காத்தோட்டம் கிடைச்சிடும். இதுலயும் வம்பு இருக்கு. வெளிக்காத்துலயே 420 பிபிஎம் கிட்ட இருக்கு, உள்ளே 470னா வித்தியாசம் 50தான், சென்சார் அதுல 25 குறைச்சுக் காட்டினா காத்தோட்டமும் எமிஷனும் அப்படியே ரெட்டிப்பாயிடும். விலை குறைஞ்ச சென்சாரைத் தூக்கிட்டு வராதீங்கன்னு கத்தறது இதுக்குத்தான்.

வெளிக்காத்தையும், காத்து வர்ற பக்கமா நின்னு, கண்டிப்பா அளங்க. சாம்பிள் டியூப் டெஃப்லானா இருக்கட்டும், லேசா சூடு பண்ணுங்க, உள்ளே தண்ணி கோத்துக்கிட்டா அமோனியா அதுலயே கரைஞ்சு உக்காந்துக்கும், மீட்டர் அழகா கம்மியாக் காட்டும். மதியம் ரெண்டு மணி நேரம் அளந்துட்டு வருஷக் கணக்கு போடறவங்களை என்ன சொல்றதுன்னே தெரியல, வேரா (VERA)ங்கற ஐரோப்பிய சோதனை நெறிமுறைலயே வருஷம் பூரா பரவலா குறைஞ்சது 6 நாள், ஒவ்வொண்ணும் 24 மணி நேரம் கேக்கறாங்க. சைலேஜ், அதாவது காத்துப் புகாம புளிக்க வெச்ச பசுந்தீவனம், போடற பண்ணைன்னா முன்னாடியே சொல்லிடுங்க, அதுல வர்ற ஆல்கஹால் ஆவியையும் சில கருவிங்க அமோனியாவாச் சேத்து எண்ணிடும். அப்புறம் அன்னிக்கு உள்ளே எத்தனை மாடு இருந்தது, எப்ப மேய்ச்சலுக்குப் போச்சு, எப்ப சாணி வாரினீங்க, ஒரு நோட்டுல நேரத்தோட எழுதி வைங்கப்பா, ப்ளீஸ்.